லினக்ஸும் என் வயிற்றெரிச்சலும்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதிலும் ஓரகத்தி மேல் வரும் பொறாமைக்கு நோன்பு நாளில்கூட விடுமுறை கிடையாது.

புதுமடம் என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருடம், அந்த வீட்டின் ஒரே கம்ப்யூட்டர் மேதை நான்தான் (பட்டயப் படிப்பு, அதிலும் ஒரு பேப்பர் பாக்கி). பிறகு கொழுந்தனைக் கட்டிக்கொண்டு ரிஸ்வானா வந்தாள். அண்ணன் தம்பி இருவருக்கும் துபாயில் வேலை. என் கணவர் அங்கிருந்து அனுப்பிய பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்தது. வாரம் தவறாமல் அதில் சத்தம் நின்றுபோகும். நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டுவேன். அவள் வந்து எதையோ தட்டுவாள், சத்தம் வந்துவிடும். "சின்னவளக் கூப்புடு" என்பது மாமிக்கு (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாடிக்கையாகிவிட்டது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து கணவர் வீடியோவில் வந்தார். வாய் அசைந்தது, சத்தம் இல்லை. மாமி அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"சின்னவ வேணாம் மாமி. நீங்க போய்த் தொழுதுட்டு வாங்க, நான் சரி பண்ணி வைக்கிறேன்."

கறுப்புத் திரையைத் திறந்து, இணையத்தில் யாரோ எழுதியிருந்த கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். எழுத்துகள் சரசரவென்று ஓடின. சத்தம் மட்டும் வரவில்லை.

நமக்குக் கேட்காவிட்டால் அவர்களுக்கும் கேட்காது என்பது என் கம்ப்யூட்டர் அறிவு. அதனால் கணவரைப் பார்த்து இனிமையாகச் சிரித்துக்கொண்டே மனதில் இருந்ததைக் கொட்டினேன்.

"ஒங்க தம்பி பொண்டாட்டி ஒரு பட்டன அமுக்கிட்டு ராக்கெட்டு விட்டவ மாதிரி நிக்கிறா. ஒங்க உம்மா மீன்ல நடுத்துண்ட அவளுக்கு வைக்கிறாக. எனக்கு வாலு! ஒம்பது வருசம் ஒழைச்சவ நானு!"

அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து நானும் காட்டினேன். திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது: "அடியே, எங்களுக்கு எல்லாம் கேக்குது. தம்பியும் இங்கனதான் இருக்கான்."

பின்னால் யாரோ இருமினார்கள். வாசலில் மாமியும் ரிஸ்வானாவும் நின்றார்கள். எவ்வளவு நேரமாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரிஸ்வானா குனிந்து பார்த்தாள். "சத்தம் ஹெட்போனுக்குப் போய்க்கிட்டு இருக்கு லாத்தா" என்று அக்கா மரியாதை குறையாமல் சொல்லி ஸ்பீக்கருக்கு மாற்றினாள். அதில் முதலில் வந்தது கொழுந்தனின் சிரிப்பு.

அன்றிலிருந்து வீட்டில் மீன் ஆக்கினால் மாமி எல்லோர் முன்னாலும் குரல் கொடுக்கிறார்: "பெரியவளுக்கு நடுத்துண்ட மொதல்ல வையி, இல்லாட்டி துபாய்க்கே தெரிஞ்சிரும்!" வீடே சிரிக்கும். துண்டை எடுத்து வைக்கும் ரிஸ்வானா மட்டும் சிரிக்க மாட்டாள். அந்த அடக்கத்தையும் மாமி பாராட்டுகிறார்.