தொண்ணூற்றிரண்டு வயதுப் பத்தியம்

காலை ஐந்தே முக்காலுக்கு ஷூ மாட்டக் குனிந்த சந்தானம் நிமிர முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிப்போய், உள்ளே யாரோ நரம்பைப் பிடித்து முறுக்குவதுபோல் இருந்தது.

"ஏனுங்க, மறுபடியும் இழுத்துக்கிச்சுங்களா?" சமையலறையிலிருந்து கோதை எட்டிப் பார்த்தாள்.

"லேசாத்தான்."

"உப்புப் போட்டுச் சாப்பிட்டாச் சரியாப் போயிருமுங்க. ரெண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

உப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் கண்முன் ஜோஷுவாவின் முகம் வந்து நின்றது.

வேலைக்காக வந்து சேர்ந்த மராத்தி ஊரில், ஹடப்சர் ஆபீஸில், ஜோஷுவாவுக்கு அவருக்குப் பக்கத்து இருக்கை. வயது நாற்பத்தெட்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் மதியம் கேன்டீனில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு லிஃப்டில் ஏறியவர், நாலாவது மாடி வருவதற்குள் சந்தானத்தின் தோளில் சாய்ந்தார். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்துக்கொண்டார். மறுமாதமே வேலைக்கும் திரும்பிவிட்டார். சந்தானம்தான் இன்னும் அந்த லிஃப்டை விட்டு வெளியே வரவில்லை. அவருக்கு ஐம்பத்தைந்து வயது. அன்று அதே பிரியாணியை அவரும்தான் சாப்பிட்டிருந்தார், கூடவே இரண்டாம் முறை வாங்கிய கத்தரிக்காய்த் தொக்கோடு.

அதிலிருந்து தட்டைக் கண்டாலே பயம். போனைத் திறந்தால் பயம் இரட்டிப்பாகும். அரிசிதான் எமன் என்றார் ஒரு டாக்டர். அரிசியை விடுங்கள், கோதுமையைக் கவனியுங்கள் என்றார் இன்னொருவர். தேங்காயெண்ணெய் ஒரு வீடியோவில் அமுதமாக இருந்தது, அடுத்த வீடியோவில் விஷமாகியது. முட்டையில் மஞ்சளை எறிந்துவிட்டு வெள்ளையை மட்டும் ஒரு வாரம் தின்றார். மஞ்சளில்தான் சத்தெல்லாம் இருக்கிறது என்று மறுவாரம் தெரிந்தபோது, குப்பைத் தொட்டியை ஒருமுறை திறந்து பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் காளேயைப் பார்த்தார்.

காளேக்குச் சந்தானத்தின் குடியிருப்பிலேயே கடைசிக் கட்டிடம். நரைத்த தலை, ஒட்டிய கன்னம், கழுத்தில் தொங்கும் தோல். ஆனால் காலையில் நடைபாதையில் இறங்கினால், சந்தானம் ஒரு சுற்று முடிப்பதற்குள் அவர் ஒன்றரைச் சுற்று முடித்துவிடுவார். எழுபது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, காய்கறிக் கடைகளில் தேற்றிய மராத்தியில் வயதைக் கேட்டார் சந்தானம். "பாவன்ன" என்றார் காளே.

தொண்ணூற்றிரண்டு.

சந்தானத்துக்கு நடை நின்றுவிட்டது. "என்ன சாப்பிடறீங்க?" என்றார், கிட்டத்தட்டக் கையைப் பிடித்துக்கொண்டு.

காளே இந்தியும் மராத்தியும் கலந்து பேசுவார். சந்தானத்துக்கு முக்கால்வாசி புரியும். "காலையில பாகற்காய்ச் சாறு. பதினோரு மணிக்கு ஊறவெச்ச வெந்தயம் ஒரு கைப்பிடி. மதியம் சோள மாவுல தட்டின பாக்ரி ரெண்டு, அவிச்ச கீரை. நாலு மணிக்கு மேல எதுவும் கிடையாது. உப்பு, எண்ணெய், சர்க்கரை மூணையும் தொடறதே இல்ல."

"எத்தனை வருஷமா?"

"ஏழு வருஷமா."

எண்பத்தைந்தில் ஆரம்பித்தே இந்த நடை என்றால், ஐம்பத்தைந்தில் ஆரம்பித்தால்? சந்தானம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார்.

முதல் வாரத்தில் தலை சுற்றியது. காளேயிடம் சொன்னார்.

"உள்ளே இருக்கிற கழிவு வெளியே போகுது. ஒரு பாக்ரியைக் குறைச்சுக்குங்க" என்றார் காளே.

குறைத்தார். கைவிரல்கள் நடுங்க ஆரம்பித்தன.

"நல்ல அறிகுறி. சாறை முழு டம்ளராக் குடிங்க."

குடித்தார். குளித்துவிட்டுத் துவட்டினால் துண்டு நிறைய முடி வந்தது. அதைப் பற்றிக் காளேயிடம் கேட்கவில்லை. காளேயின் தலையிலும் அதிகம் இல்லை. தொண்ணூற்றிரண்டு வயதில் அவ்வளவு இருப்பதே பெரிது.

மூன்றாவது வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வீடியோவில் கூட்டம். வேலை முடிய எது தடையாக இருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள். அரைத்தூக்கத்தில் இருந்த சந்தானம் மைக்கைத் திறந்து, "சாம்பார்" என்றார்.

அந்தப் பக்கம் இருந்த பெண்மணி, அது எந்த மென்பொருள், எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள்.

மேனேஜர் சுப்ரஜா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், வீட்ல எதாவது பிரச்சினையா?"

"இல்லம்மா. கழிவு வெளியேறுது."

சுப்ரஜா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

கோதை தன் பங்குக்கு ஒரு வழி பார்த்தாள். பாக்ரி மாவில் அவருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துப் பிசைந்தாள். ஒரு மாதம் உப்பே படாத நாக்கு முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டது. சந்தானம் தட்டைத் தள்ளிவிட்டு, கொல்ல வந்தவரைப் பார்ப்பதுபோல் மனைவியைப் பார்த்தார். அன்றிலிருந்து மாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, தன் பாக்ரியைத் தானே தட்டினார். அவர் கைக்கு அது வட்டமாக வரவில்லை. வேகவும் இல்லை. வயிற்று வலியும் சேர்ந்துகொண்டது.

"கண்ணாடியில பாத்தீங்களா? கழுத்தெலும்புக் குழியில தண்ணி ஊத்தி வைக்கலாமுங்க" என்றாள் கோதை. "நீங்க ஜோஷுவாவப் பாத்துப் பயந்துட்டீங்க. நான் யாரைப் பாத்துப் பயப்படறேன்னு உங்களுக்குத் தெரியுதுங்களா?"

அந்தக் கேள்வி சந்தானத்தைத் தொட்டது. பத்தியத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று கேட்கத்தான் மறுநாள் காளேயிடம் போனார். காளே முந்திக்கொண்டார்.

"நேத்து எங்கம்மாகூட ஒரே சண்டை. இந்த வெந்தயத்தையெல்லாம் விட்டுத் தொலைடா, ஒழுங்கா சாப்பிடுன்னு திட்டறாங்க."

சந்தானம் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்களே. மூட்டுதான் கொஞ்சம் வலிக்குதாம்."

பதினெட்டு வயதில் பெற்றிருந்தாலும் நூற்றுப்பத்து. "அவங்க என்ன சாப்பிடறாங்க?"

"அவங்களா? நெய், வெல்லம், சாதம், ஊறுகாய், எல்லாம்தான். சொன்னாக் கேக்க மாட்டாங்க."

சந்தானம் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். அது வம்சத்தின் உடல்வாகு. நூற்றுப்பத்து வயதுத் தாய்க்குப் பிறந்தவரே இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறார். அறுபதைத் தாண்டாத குடும்பத்தில் பிறந்தவன் எவ்வளவு இருக்க வேண்டும்? அன்றைக்கு மதியப் பாக்ரியையும் விட்டுவிட்டார். கீரையை மட்டும் அவித்துத் தின்றார்.

அதற்கு நாலாம் நாள்தான் இந்தக் கெண்டைக்கால் இழுப்பு.

கோதை தேய்த்துவிட்டாள். இட்லித் தட்டை ஒருமுறை முகத்துக்கு நேரே காட்டிவிட்டும் போனாள். ஆவி மூக்கில் ஏறியது. சந்தானம் கண்ணை மூடிக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்து, நடக்கப் போய்விட்டார்.

இரண்டாவது சுற்றில் வேப்பமரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மரம் எதற்குச் சாய்கிறது என்று பார்ப்பதற்குள் தரை மேலே வந்தது. யாரோ அவரை அக்குளில் கைகொடுத்துத் தாங்கினார்கள். "பயப்படாதீங்க, கழிவுதான்" என்று காளேயின் குரல் கேட்டது. பிறகு ஆட்டோவின் குலுக்கல். அதோடு சரி.

கண் விழித்தபோது கையில் சலைன் ஊசி. மேலே பாட்டில் தொங்கியது. கால்மாட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கோதை. பக்கத்தில் ஒரு நர்ஸ் நாடியைப் பிடித்திருந்தாள். சட்டைப் பேட்ஜில் மரியம்மாள் என்று இருந்தது.

"முழிச்சிட்டாவ" என்றாள் கோதையிடம். திருநெல்வேலிப் பேச்சு. பிறகு அவரிடம், "ஒடம்புல உப்பு சுத்தமா எறங்கிட்டுன்னு டாக்டர் சொல்லுதாவ. இன்னும் நாலு நாள் இப்படியே போயிருந்தா வலிப்பு வந்துருக்கும். வேற ஒண்ணும் பயமில்ல. ஒழுங்கா சோறு தின்னா சரியாயிரும்."

ஒழுங்கா சோறு. சந்தானம் மெல்லத் தலையைத் திருப்பினார். அடுத்த கட்டிலில் ஒருவர் கிடந்தார். ஒட்டிய கன்னம், மூடிய கண்கள், திறந்த வாய். அவர் கையிலும் ஊசி இருந்தது.

"காளே சார்."

"ஒங்கள ஆட்டோவுல இருந்து வாசப்படி வரைக்கும் தாங்கிட்டு வந்தாவ. பேரு, வயசு எல்லாம் எழுதிக் குடுத்தாவ. குடுத்துட்டு அப்படியே சரிஞ்சிட்டாவ. அவுகளுக்கு ஒங்களவிட உப்பு கம்மி."

சந்தானத்தின் நெஞ்சு அடித்துக்கொண்டது. லிஃப்டில் ஜோஷுவா சாய்ந்தபோதுகூட இப்படி அடித்ததில்லை. அந்த வயதில், இந்த எலும்புக் கையால், தன்னைத் தூக்கியிருக்கிறார். ஏதாவது ஆகிவிட்டால்? வீட்டில் அந்தத் தாய்க்கு யார் போய்ச் சொல்வது? அவளுக்கு இனி வேறு யார் இருக்கிறார்கள்?

எழுந்து உட்காரப் பார்த்தார். கோதை தோளை அழுத்தினாள்.

"கோதை, என்னை விடு. அவரைப் பாரு. சிஸ்டர், என் பாட்டிலைக் கழட்டி அவருக்குப் போடுங்க. பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க. என்னால ஒரு பெரியவர் உயிர் போகக்கூடாது."

"எதுக்கு சார் பதறுதிய? நாடி நல்லாத்தான் ஓடுது."

"உங்களுக்குப் புரியல சிஸ்டர். அவருக்குத் தொண்ணூத்திரண்டு வயசு. பாவன்னன்னு அவர் வாயாலயே சொன்னார்."

மரியம்மாள் அடுத்த கட்டிலில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு சந்தானத்தைப் பார்த்தாள்.

"மராத்தியில பாவன்னன்னா அம்பத்திரெண்டு சார், அவுக ஒங்களுக்கு மூணு வயசு எளையவுக."