கம்ப்யூட்டருக்குள் என்ன பூச்சி?

சங்கரன்கோவில்
4-8-86

அன்பு மருமகன் ராஜதுரைக்கு, தாய்மாமன் பிச்சையா எழுதிக்கொண்டது. கோமதியம்மன் புண்ணியத்தில் இங்கு மனுஷரும் மாடும் சுகம். உன் சுகத்துக்கும் உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் சுகத்துக்கும் பதில் போடவும்.

'புரோகிராமில் பக் இருக்கிறது, அது போகும்வரை லீவு கிடையாது, ஆவணியில் கல்யாணம் வேண்டாம்' என்று நீ எழுதியதைக் கேட்டு உன் அத்தை அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. பக் என்பது நம் பூமாரிக்குப் போட்டியாக வந்த யாரோ மெட்ராஸ்காரி என்று நினைத்துவிட்டாள். எனக்கும் சந்தேகம்தான். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அப்துல் மஜீது பாயிடம் ஓடினேன். அவர்தான் பக் என்றால் பூச்சி என்றார். நமக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அமெரிக்காவில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் மக்கர் பண்ண, திறந்து பார்த்தால் உள்ளே ஒரு விட்டில் கிடந்ததாம். அவ்வளவு படித்தவர்கள் அதை எடுத்து நோட்டில் ஒட்டிவைத்தார்களாம். எனக்குப் போன உயிர் வந்தது. தேளும் பாம்பும் வீட்டுக்குள் வந்தால் அதனதன் உருவத் தகட்டை வாங்கி அம்மன் கோயில் உண்டியலில் போட்டு விரட்டுகிற ஊர் இது. ஒரு பூச்சிக்கா கல்யாணத்தை நிறுத்துவது?

தகடு விற்கிற மாடத்தி என்ன பூச்சி என்று கேட்டாள். விட்டில் அவளிடம் இல்லை. கம்ப்யூட்டர் விவரத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தாள்.

"எதுக்கும் எல்லாத்துலயும் ஒண்ணு போட்டுருங்க அண்ணாச்சி. எது உள்ள இருக்கோ அது போவும்."

பாம்பு, தேள், பூரான், பல்லி எல்லாம் போட்டேன். பின்னால் நின்ற சிவகிரிக்காரர் என் வீடு காட்டுக்குள் இருக்கிறதா என்று விசாரித்தார். பூச்சிக்கடிக்குப் பூசுகிற கோயில் புற்று மண் பார்சலில் வருகிறது. குளித்துவிட்டு மெஷின் நெற்றியில் பூசு. வாய் மாதிரி ஏதாவது இருந்தால் அதிலும் ஒரு சிட்டிகை போடு. மேனேஜர் கேட்டால் மாமா சொன்னார் என்று சொல். கல்யாணம் ஆவணியில்தான், பத்திரிகை நாளை அச்சுக்குப் போகிறது.

நீயும் உன் மெஷினும் பூச்சி பொட்டு அண்டாமல் நெடுநாள் வாழ ஆசீர்வாதம்.

மாமன்,
பிச்சையா

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் பூமாரி வாங்கி வாசித்துவிட்டாள்.

"பூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. பி.காம். முடிச்சிட்டுத்தான் கழுத்த நீட்டுவேன். ஒங்ககிட்ட சொன்னா கேக்க மாட்டீய, அதான் அத்தான அப்படி எழுதச் சொன்னேன்."

பெற்ற மகள் என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாளே என்பதுதான் எனக்கு வருத்தம். சரி, அவள் படிப்பை முடிக்கட்டும். கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்வோம். ஆனால் உண்டியலில் போட்டதைத் திருப்பிக் கேட்க முடியாது. பூச்சி இருக்கிறது என்று சாமியிடம் நான் சொல்லியாகிவிட்டது. ஆகவே நீ உடனே ஒன்றைப் பிடித்து அந்த மெஷினுக்குள் விட்டுவிடு.