தகுதி மதிப்பெண் அறுநூற்று ஐம்பத்தைந்து

உலக வில்வித்தையின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் அதை இரண்டே பாகமாக எழுதினால் போதும். கம்பம் பள்ளத்தாக்கில் 'தகுதி நிர்ணய உயர்மட்டத் துணைக்குழு' கூடியதற்கு முன்பு, கூடியதற்குப் பின்பு. முன்பு நடந்ததெல்லாம் வெறும் அம்பு விடுதல். பின்பு நடந்ததுதான் நிர்வாகம்.

அந்தக் குழுவுக்குப் பேராசிரியர் இம்மானுவேலை ஒருங்கிணைப்பாளராகப் போட்டதற்குக் காரணம், அவருக்கு வில்வித்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான். தெரிந்தவரைப் போட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்று பல்கலைக்கழகம் அஞ்சியது. இம்மானுவேல் வணிகவியல் துறை, ஊர் ராயப்பன்பட்டி. குறிபார்த்து எய்த அனுபவம் அவருக்கு வாழ்க்கையில் ஒன்றே ஒன்று. ஒன்பது வயதில் கவட்டையால் மாங்காயைக் குறிவைத்து, பங்குச்சாமியார் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார். இதை அவர் குழுவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் 'முன் அனுபவம்' என்று குறித்துக்கொண்டிருப்பார்கள்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது. எழுபது மீட்டர் தூரம், எழுபத்திரண்டு அம்பு, அம்புக்கு அதிகபட்சம் பத்து. ஆக மொத்தம் எழுநூற்று இருபது. பெண்கள் அறுநூறு எடுத்திருந்தால் அனுப்பலாம் என்று நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் பெயரை அனுப்ப வேண்டியது பல்கலைக்கழகம். அது வேண்டுமானால் 'தன் விருப்பப்படி' தனியாக ஒரு தகுதி மதிப்பெண் வைத்துக்கொள்ளலாம். விருப்பம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு குழு வேண்டாமா?

அனுப்புவதற்கு ஆளும் இருந்தாள். சுருளிப்பட்டி அமுதா, எம்.காம். முதலாண்டு, இம்மானுவேலின் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். அப்பாவின் திராட்சைப் பந்தலை ஒட்டிய வெற்று நிலத்தில் எழுபது மீட்டர் அளந்து, வைக்கோல் கட்டை நிறுத்தி, ஏழு வருடமாகப் பழகியவள். அவளுக்கு வயது இருபத்து மூன்று. போட்டிக்கு வயது வரம்பு இருபத்தைந்து.

குழு ஒரு திங்கட்கிழமை காலை கூடியது. 'சமூகப் பிரதிநிதி'யாக போடி ஏலக்காய் வியாபாரி ராக்கையா வந்திருந்தார். 'அறிவியல் கண்ணோட்டம்' வேண்டுமென்று தாவரவியல் துறைத் தலைவர் ஜெஸ்லினைச் சேர்த்திருந்தார்கள். உடற்கல்வி இயக்குநர் முத்துராஜாவுக்கு வில்லும் தெரியும், அம்பும் தெரியும். அதனால் அவரை வாக்குரிமை இல்லாத சிறப்பு அழைப்பாளராக ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

"அவுக அறுநூறுதான் கேக்குறாக," என்றார் முத்துராஜா. "நம்மளும் அதையே வச்சுக்கிடலாம்."

ராக்கையா நாற்பது வருடம் ஏலக் கூடத்தில் இருந்து பழகியவர். ஓர் எண் காதில் விழுந்தால் அதற்கு மேலே இன்னொன்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"அறுநூத்திப் பத்து," என்றார்.

"எதுக்குங்கய்யா அந்தப் பத்து?"

"அவுக கேட்டதையே நம்மளும் கேட்டா, நமக்குன்னு என்ன மரியாத இருக்கு?"

இந்தத் தத்துவத்தின் ஆழத்தில் அறை சற்று நேரம் மூழ்கிக் கிடந்தது. முதலில் தலை தூக்கியவர் ஜெஸ்லின். "பத்து கூட்டுனா ஏதோ போனாப் போகுதுன்னு கூட்டுன மாதிரி இருக்கும். அறுநூத்தி இருபத்தஞ்சு."

"அறுநூத்தி நாப்பது," என்றார் ராக்கையா. அவர் வலது கை, ஏலக் கூடத்தில் விலை ஏற்றுகிற, இங்கே இல்லாத பொத்தான் ஒன்றை மேசைமேல் அமுக்கிக்கொண்டிருந்தது.

முத்துராஜா எழுந்துவிட்டார். "மேடம், தேர்வு நடக்கப்போறது ஆடி மாசம். நம்மூரு ஆடிக் காத்துல..."

சிறப்பு அழைப்பாளர்கள் காற்றைப் பற்றிப் பேச விதிகளில் இடமில்லை என்று அவருக்கு அன்போடு நினைவூட்டப்பட்டது.

எல்லாரும் இப்போது ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்கள். அவர் ஊரில் கோயில் திருவிழா முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். பன்னிரண்டு வருடமாக ஒரே ஒரு சேவலையாவது எடுத்துவிட வேண்டும் என்று அவரும் கேட்டுப் பார்க்கிறார். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கூடக் கேட்டு, சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். மனைவி பக்கத்தில் நின்று வேறு பார்க்கிறாள். அந்தப் பன்னிரண்டு வருடமும் சேர்ந்து அவர் வாயைத் திறந்தன.

"அறுநூத்தி அம்பத்தஞ்சு!"

ராக்கையா அவரை முதன்முறையாக ஒரு மனிதனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டினார். "ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம்! வாத்தியாரய்யா எடுத்துட்டாக!"

கைதட்டல். வடை. இம்மானுவேலுக்கு வாழ்க்கையில் வென்ற முதல் ஏலம் அது. எதை எடுத்தோம் என்பது இரண்டாவது வடையைக் கடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலையில் ஐம்பத்தைந்து மதிப்பெண்ணை ஏற்றி வைத்திருக்கிறார்.

ஆடி மாதத்தில் தேர்வு நடந்தது. காற்று, பள்ளத்தாக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கண்காணிக்க வந்த ஜெஸ்லினின் குடை இரண்டு முறை திரும்பியது. ராக்கையாவின் துண்டு வேலியைத் தாண்டிப் போயே போய்விட்டது. அமுதா மட்டும் ஒவ்வோர் அம்புக்கும் காற்று ஓயும் அரை நொடிக்காகக் காத்திருந்து எய்தாள். முதல் பாதியில் முந்நூற்று இருபத்திரண்டு. இரண்டாம் பாதியில் முந்நூற்று இருபத்தாறு. இம்மானுவேல் கால்குலேட்டரில் மூன்று தடவை கூட்டினார். வணிகவியலில் முப்பது வருட அனுபவம் இருந்தும், கூட்டுத்தொகையை ஏழு ஏற்றிக் காட்ட அவருக்கு வழி கிடைக்கவில்லை. அறுநூற்று நாற்பத்தெட்டு.

அமுதாவின் அம்மா சந்தனம்மாள் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். "பாஸா சார்?" என்றார்.

"உலகத்துக்குப் பாஸும்மா," என்றார் இம்மானுவேல். "நமக்குத்தான் பெயிலு."

அந்த அம்மாள் மகளைப் பார்த்தார். மகள் எண்பது அடி தள்ளி நின்று வில்லின் நாணைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

குழு அவசரமாகக் கூடியது. ராக்கையாவுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. "ஏலம் முடிஞ்ச பெறகு வெலையக் கொறைச்சா, நாளைக்கு எவனும் கூடத்துக்குள்ள நொழைய விடமாட்டான். எடுத்தவுகளே வேண்டாம்னு சொன்னா அது வேற. வாத்தியாரய்யா சொல்லட்டும்."

மறுபடியும் எல்லாரும் இம்மானுவேலைப் பார்த்தார்கள். அவர் சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை: 'நான் தெரியாமச் சொல்லிட்டேன்.' காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்குத் தானாகத் திறந்த வாய் இன்றைக்கும் தானாகத்தான் திறந்தது.

"தரத்தில் சமரசத்துக்கு இடமில்லை," என்றது.

கைதட்டல் போன தடவையைவிடப் பலமாக இருந்தது. முத்துராஜா மட்டும் எழுந்து வெளியே போனார். இம்மானுவேலுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வடையைச் சாப்பிட்டார்.

வீராங்கனை இல்லை என்பதற்காகப் பல்கலைக்கழகம் சர்வதேசக் கடமையிலிருந்து தவறலாமா? 'பார்வையாளர் குழு' ஒன்று புறப்பட்டது. அதற்கான தகுதி: பாஸ்போர்ட். ராக்கையா, ஜெஸ்லின், இம்மானுவேல் மூவரும் முதல் முயற்சியிலேயே தகுதி பெற்றார்கள். மூவருக்கும் முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஜெர்சி கொடுத்தார்கள். அங்கே அரங்கத்தில், தகுதிச் சுற்றில் அறுநூற்று முப்பத்தொன்பது எடுத்த ஒரு பெண் கடைசியில் வெண்கலம் வாங்கியதை இம்மானுவேல் பார்த்தார். பார்த்துவிட்டு, கழிவறைக்குப் போய் ஜெர்சியைக் கழற்றி உள்பக்கம் வெளியே வருமாறு மாட்டிக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்ததும் அறிக்கை எழுத வேண்டியதும் அவர்தான். எழுதினார்: 'இப்போட்டியில் நம் பல்கலைக்கழகம் ஓர் அம்பைக்கூடக் குறி தவறவிடவில்லை.' நிர்வாகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது.

அடுத்த வாரம் அமுதா அவர் அறைக்கு வந்தாள். கையில் விளையாட்டுக் குழுவின் தடையில்லாச் சான்றுப் படிவம்.

"என்னம்மா இது?"

"கோட்டயம் பக்கம் ஒரு காலேஜுல எடம் குடுத்திருக்காக சார். அங்கன அறுநூறுதான் கேக்குறாக."

"இங்கனயே இன்னொரு தடவ பாக்கலாம்லம்மா?"

"பாக்கலாம் சார்," என்றாள் அமுதா. "அடுத்த கூட்டத்துல எம்புட்டுக்குப் போகும்?"

கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் அவரைக் குத்தியது. அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். பெயர், வகுப்பு, முகவரி எல்லாம் எழுதியிருந்தாள். 'வெளியேறுவதற்கான காரணம்' என்ற இடம் மட்டும் காலி.

"இத ஏன் எழுதல?"

"அது ஒருங்கிணைப்பாளர் எழுதணும்னு போட்டிருக்கு சார்."

வழக்கமாக 'சொந்தக் காரணம்' என்று எழுதுவார்கள். இம்மானுவேல் பேனாவைத் திறந்து, சற்று யோசித்து, 'தகுதிக் குறைவு' என்று எழுதினார்.

அமுதாவின் முகம் மாறியது. "சார், அறுநூத்தி நாப்பத்தெட்டு அடிச்சேன் சார். அந்தக் காத்துல."

"பொறும்மா, இன்னும் முடிக்கல," என்றார் அவர். யாருடைய தகுதிக் குறைவு என்று பின்னால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது அல்லவா? அதன் பக்கத்திலேயே தன் பெயரையும் பட்டங்களையும் பதவியையும் ஒன்று விடாமல் எழுதி, முத்திரையையும் குத்தி, அவளிடம் நீட்டினார்.