மகளைக் கூட்டிவரப் போய் மழை கேட்டு வந்தது

பந்தல்குடி,
மாசி, செவ்வாய்க்கிழமை.

அன்பு மைத்துனன் மாரிக்கண்ணனுக்கு உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்காளும் நானும் சுகம். பாலவனத்தத்தில் நீயும் பிள்ளைகுட்டிகளும் சுகமாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். போனில் பேசினால் உன் அக்காள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிற நம் தங்கச்செல்வி ஒரு சர்ச்சில் சேர்ந்துவிட்டாள். காலேஜ் பிள்ளைகளுக்கென்றே நடத்துகிற சர்ச்சாம், ஊர் ஊராகக் கிளை இருக்கிறதாம். பொங்கலுக்கு வந்தவள், "சாமிக்குப் படைச்சதச் சாப்பிட மாட்டேம்மா" என்று வெறும் தயிர்ச்சோற்றோடு எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து உன் அக்காளுக்குச் சோறு இறங்கவில்லை. வருகிற சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் கிடாய் வெட்டும்போது, பங்காளிகள் முன்னால் இவள் இலையைத் தள்ளிவைத்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கையோடு கூட்டிவந்துவிடுவதென்று போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அந்தச் சர்ச்சுக்கே போனேன். ஒரு மண்டபத்து மாடியில் கூட்டம். வெள்ளை அங்கி போட்ட பெரியவர் இருப்பார், நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம் என்று பார்த்தால், ஜீன்ஸ் போட்ட பையன் ஒருவன் கிதாரைக் கீழே வைத்துவிட்டு, "வாங்கப்பா, பஸ்ஸுலயா வந்தீக? சாப்பிட்டீகளா?" என்கிறான். பேர் அருண்பாண்டியன், திருச்சுழிப் பையன். அவன்தான் அங்கே தலைவனாம்! நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் சண்டைக்குப் போன வாய், "சாப்பிட்டேம்ப்பா" என்று பொய் சொல்லிவிட்டது. விடாமல் பிரியாணி வைத்தார்கள். அப்புறம் மைக்கை நீட்டி, "ஒங்களுக்காக என்னப்பா ஜெபிக்கணும்?" என்றான். மைக்கை நீட்டி என்ன வேண்டும் என்று கேட்டால் வானம் பார்த்த நம் சீமைக்காரன் வேறு என்ன சொல்வான்? "மழை" என்றேன். அத்தனை பிள்ளைகளும் கண்ணை மூடிக் கேட்டார்கள் மாப்பிள்ளை. யார் பெற்ற பிள்ளைகளோ, என் காட்டுக்காக! பஸ் ஏற்றிவிட வந்த மகளிடம், "எங்கள விட்டுப் போயிட்டியா ஆத்தா?" என்றேன். "நான் எங்கப்பா போனேன்? ஒங்க மகதானப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே மழை கொட்டிவிட்டது. களம் நிறையக் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்ப் பழம் அத்தனையும் நனைந்துவிட்டது! வத்தலுக்குக் காயப்போட்டுவிட்டு எவனாவது மழை கேட்பானா? கேட்டவன் நான்தான் என்று உன் அக்காளுக்குத் தெரியாது. அவள் வானத்தைப் பார்த்து ஏசுகிறாள், நான் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இனிப் பொறுப்பதற்கில்லை. வெள்ளிக்கிழமை காரை எடுத்து வா. இருவரும் போய் அவளைக் கூட்டிவந்துவிடுவோம். படிப்பு போனால் போகட்டும்.

உன் வீட்டு வாண்டுகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
மகளையும் வத்தலையும் ஒருசேரப் பறிகொடுத்து நிற்கும்
உக்கிரபாண்டி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மகள் போன் செய்தாள். வத்தல் நனைந்ததை அம்மா அவளிடம் சொல்ல, அதைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் பதறிப்போனார்களாம். நனைந்த பழத்தைப் பொறுக்கிக் காயவைக்க வெள்ளிக்கிழமை எல்லோரும் வேனில் வருகிறார்கள், சிவராத்திரி முடிந்துதான் போவார்களாம். காரை விட்டுவிட்டு லோடு ஆட்டோவில் வா. பெரிய அண்டாவையும் ஒரு கிடாயையும் ஏற்றிக்கொள். சாமிக் கிடாய் பங்காளிகளுக்கு. உன் கிடாயைச் சாமிக்குப் படைக்காமல் நேரே அடுப்பில் ஏற்றிவிடுவோம். அண்டா மாறிப்போகாமல் நீ பக்கத்திலேயே நில். என் மகள் எங்களோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும்.