ஷாங்கோவுக்குக் காட்டிய கற்பூரம்

சாமி எதிரே வந்து நின்றால் சும்மா நிற்க எங்களுக்குத் தெரியாது. அது யாருடைய சாமி, மேக்கப் போட்ட சாமியா என்பதெல்லாம் பிறகுதான் யோசனைக்கு வரும். (எனக்குத் தீயணைப்பு வண்டி வந்த பிறகு வந்தது.)

நான் மெல்பேர்னுக்கு வந்த புதிது. ரோவில் என்ற புறநகரில் அம்மாவும் நானும் மட்டும். சிநேகிதர் என்று ஒருவரும் இல்லை. அப்போது கூட வேலை செய்த நைஜீரியப் பெண் ஃபோலாக்கே தான் எழுதிய நாடகத்துக்கு உதவக் கூப்பிட்டாள். நானூறு வருடங்களுக்கு முந்திய லண்டன் நாடகக் கொட்டகை. அதைக் கூட்டிப் பெருக்கும், ஃபோலாக்கேயின் யொரூபா இனத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி, தன் மக்களின் இடித் தெய்வமான ஷாங்கோவை மேடைக்கே அழைத்துவிடுகிறாள். அந்தக் காலத்தில் இடிச் சத்தத்துக்கு மரத்தொட்டியில் இரும்புக் குண்டு உருட்டுவார்களாம். எங்களிடம் இருந்தது ஒரு பழைய பௌலிங் பந்து. அதை உருட்டும் மாபெரும் பொறுப்பு எனக்கு.

மண்டபம் ஒரு மாலைக்குத்தான் கிடைத்தது. நாடகமெல்லாம் வெட்டி வேலை என்று சொல்லிவந்த ஃபோலாக்கேயின் அப்பா, லாகோசிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார். மறுநாள் காலை அவருக்கு விமானம். அதற்குள் அவர் இதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை எல்லாம்.

ஒத்திகைகளில் ஷாங்கோ ட்ராக் பாண்ட்ஸோடு வருவார். அன்றோ சிவப்பு உடை, கையில் இரட்டைக் கோடரி, மேளம் வேறு. எனக்குப் புல்லரித்துவிட்டது. தொடங்கமுன் பிள்ளையாருக்குக் காட்டச் சொல்லி அம்மா தந்த கற்பூரத்தின் மிச்சம் சட்டைப்பையில் கிடந்தது. பந்தைப் போட்டுவிட்டு மேடைச் சாமான்களில் ஒரு தட்டத்தை எடுத்தேன். அவ்வளவையும் கொட்டிக் கொளுத்தி, ஷாங்கோவின் முகத்துக்கு நேரே சுற்றிக் காட்டினேன். ஷாங்கோ வசனத்தை விட்டுவிட்டு இருமினார். சபை அதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டியது. கூரையில் இருந்த ஸ்மோக் அலாரத்துக்கு மட்டும் கலை ரசனை போதாது.

எல்லோரையும் கார் பார்க்குக்கு வெளியேற்றினார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. திரும்ப உள்ளே போக அனுமதி இல்லை. ஃபோலாக்கேயின் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தேன். இருந்த ஒரே சிநேகிதியும் போனாள் என்று அழுகை வந்தது. நாடகம் பார்க்க வந்திருந்த அம்மா தேடி வந்து ஆறுதல் சொன்னா.

"சாமி வந்தால் காட்டத்தானே வேணும். நீ ஒரு தேங்காயும் உடைச்சிருக்கலாம்."

அடுத்து ஃபோலாக்கே வந்தாள். திட்டவில்லை. அந்தக் காலக் கொட்டகைகளில் பாதி இடத்துக்குக் கூரையே கிடையாது, மிச்சத்தை இங்கேயே நடிப்போம் என்றாள். கார் விளக்குகளின் வெளிச்சத்தில் நடித்தார்கள். நான் குப்பைத் தொட்டியின் மூடியில் அடித்து இடி முழக்கினேன். முடிந்ததும் அவளுடைய அப்பா மகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. பிறகு என்னிடம் வந்து தீயணைப்பு வண்டியைக் காட்டினார்.

"ஷாங்கோ நெருப்புக்கும் தெய்வம். சிவப்புத்தான் அவருடைய நிறம். நீ கூப்பிட்டாய், வந்துவிட்டார்."

அந்த வார்த்தைக்கும், அன்று என்னைத் திட்டாத அந்தப் பெண்ணுக்கும் நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். அந்த நாடகக் கூட்டம்தான் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தம். வீட்டில்தான் நிம்மதி இல்லை. வீதியில் சைரன் கேட்டால் போதும், அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் குசினியிலிருந்து கூப்பிடுவா:

"தம்பி, ஓடி வா. உன்ர ஆள் போறார்."