உப்பும் மஞ்சளும் வைத்த வீடு

நைனார்பாளையம்,
27.11.1987

மதிப்பிற்குரிய வீரமுத்து மாமா அவர்களுக்கு,

ஆமாம், அது நீங்கள்தான் என்று எனக்குத் தெரிந்தது. சாரத்தின் மேல் நின்ற நீங்கள் எங்களைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். கையில் பெயின்ட் டப்பா. காதுக்குப் பின்னால் அந்த மரு. அம்மா பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறு முகவரி தெரியாததால் ஸ்டுடியோ பெயின்ட் பிரிவுக்கே எழுதுகிறேன். முதலில் நலம் விசாரிக்க வேண்டும். பார்த்த பிறகு கேட்கக் கை வரவில்லை.

பங்குனியில் எனக்குக் கல்யாணம். தாய்மாமனை நேரில் அழைக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். ஊர்க்காரர்கள் இருபது பேர் நீங்கள் வேலை செய்யும் சினிமா ஸ்டுடியோவைப் பார்க்க வேன் பிடித்ததும் அவள்தான் முதல் ஆளாக ஏறினாள். மஞ்சள் பையில் ஆறு வருஷத்துக்கு முன் நீங்கள் அனுப்பிய போட்டோ. நீலக் கதவு, இருபுறம் சிங்கம், மாடி, வாசலில் நீங்கள். பின்னால், ‘இது என் வீடு அக்கா.’ அதே பையில் ஒரு படி கல்லுப்பு, விரலி மஞ்சள். தம்பியின் புது வீட்டுக்குள் அக்கா வெறுங்கையோடு நுழையக்கூடாது. வாங்கி வைத்த உப்பு கசியும். மறுபடி வாங்குவாள். ஆறு வருஷமாக.

வழிநெடுகச் சாலையோரத்தில் மறியலுக்கு வெட்டிய புளியமரங்களின் அடிக்கட்டைகள், அவற்றைப் பார்க்காமல் பூமாலைச் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார், அந்த மறியல் வழக்கில் தன் பெயரும் இருக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அவர் காக்கிச்சட்டை போட்ட கண்டக்டரைக் கண்டாலே ஒதுங்குகிறவர், ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் முப்பது போலீஸ்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவதைக் கண்டு அங்கிருந்த கோயிலுக்குள் ஓடி அம்மனுக்குப் பின்னால் ஒளிய, அம்மன் அட்டை என்பதால் அவரோடு சேர்ந்து சாய, போலீஸ்காரர்களே எழுந்துவந்து தூக்கிவிட, கையெடுத்துக் கும்பிட்டு, “நான் மரம் வெட்லீங்க ஐயா, கயிறுதான் புடிச்சேன்” என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அவர்கள் துணை நடிகர்கள். “இன்னா அண்ணே, எங்களவிட நல்லா நடிக்கிற, பேசாம இங்கியே இருந்துடு” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம்.

அம்மா சிரிக்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலக் கதவு.

“தோ, தம்பி வூடு.”

செருப்பைக் கழற்றினாள். கதவைத் தட்டினாள். “வீரமுத்து, அக்கா வந்துகிறேன்டா.” கதவு தானாகத் திறந்தது. உள்ளே வீடு இல்லை. முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகள். வெயில். தூங்கும் ஒரு நாய். மேலே நீங்கள்.

காவலாளி ஓடிவந்தார். “யம்மா, இன்னா பண்ணிக்கினுகிற? இது செட்டும்மா. இங்க யாரும் இல்ல.”

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலது காலை எடுத்துவைத்து நுழைந்தாள். வெயிலைப் பார்த்து ஈசான மூலையைக் கண்டுபிடித்தாள். அங்கேதான் நாய் படுத்திருந்தது. அதை எழுப்பாமல் பக்கத்தில் உப்பையும் மஞ்சளையும் வைத்தாள்.

“வேலைக்குப் போயிருப்பான்” என்றாள்.

உங்கள் கை சுவரில் அசையாமல் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அவளை வெளியே அழைத்து வந்தேன்.

திரும்பும்போது வேனில், “பெரிய வூடு. காத்து நல்லா வருது” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பூமாலைச் சித்தப்பாகூட.

ஆகவே மாமா, கல்யாணத்துக்கு வராதீர்கள். வெளியூர்ப் படப்பிடிப்பு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நீங்கள் வந்தால் ஊர் அந்த வீட்டைப் பற்றிக் கேட்கும். அம்மா தாங்கமாட்டாள். அவள் நம்பிக்கொண்டே இருக்கட்டும்.

அங்கே உங்களோடு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. இருப்பவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
மலர்விழி

பி.கு.: கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னாள் அம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் சுகம், வேலை ஜாஸ்தி என்று மாற்றி வாசித்தேன். கேட்டு முடித்து, “ஆளு பாதியா எளச்சிட்டான். அத்த எழுதினியா?” என்றாள்.

நான் கடிதத்தை மடித்தேன்.

“நான் கூப்ட்டா, அத்தினி பேரு எதுர்ல அவன் எறங்கி வரணும். அதான் கூப்புடல. மாலை எடுத்துக்கினு வரச் சொல்லு. யாராச்சும் வூட்டப் பத்திக் கேட்டா நான் சொல்லிக்கிறேன். உப்பு வச்சிட்டு வந்துகிறேன் இல்ல?”

அழைப்பிதழ் நகலில் தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயரைக் கோடிட்டு அடித்து வைத்திருந்தேன். மறுபடி எழுதினேன்.