டீச்சரின் ஆட்சேபணைகள்

மாடி கட்டச் செங்கல் வந்து இறங்கிய அன்றே, மதில் சுவருக்கு மேல் மட்டுவார்குழலி டீச்சரின் தலை தெரிந்தது.

"சித்ரா, கோயிலுக்குப் பக்கத்துல உயரக் கட்டுப்பாடு இருக்கே, தெரியுமா?"

சித்ராதேவிக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். திருவானைக்காவலில் இத்தனை வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும், ஓய்வுபெற்ற அந்தக் கணக்கு டீச்சர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

சித்ரா ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் பெங்களூரில். வீட்டில் அவளுக்குப் பதில் சொல்வது குக்கர் மட்டும்தான். மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, பிள்ளைகுட்டியோடு ஒரு குடும்பத்தைக் குடிவைத்தால், தலைக்கு மேல் நாலு பேர் நடக்கிற சத்தமாவது கேட்கும் என்று நினைத்திருந்தாள்.

"ஒரு மாடிக்குத் தடை இல்லைக்கா. அப்ரூவல் கையில இருக்கு," என்றான் இன்ஜினியர் ஜெஸ்வின்.

"மாநகராட்சியில மனு கொடுப்பேன்," என்றது தலை.

சித்ராவுக்கு வம்பென்றால் ஆகாது. மாடியை விட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் தரையோடு கட்டலாம் என்றாள். மறுபடி பிளான். ஆனால் சட்டப்படி பக்கவாட்டில் காலி இடம் விட வேண்டுமாம். அவளுடைய குளியலறை அதற்குள் நீட்டிக்கொண்டிருந்தது. இடித்தார்கள். அன்றிலிருந்து சித்ரா தகர மறைப்புக்குள் குளித்தாள்.

சுவர் எழும்பியதும் தலையும் எழும்பியது.

"ஜன்னல் என் வீட்டைப் பார்த்து வரக் கூடாது. கிழக்கே வை."

கிழக்கே சித்ராவின் சமையலறை. அதை இடித்து அடுப்பை ஹாலுக்குக் கொண்டுவந்தாள். சோபாவில் உட்கார்ந்தபடியே ரசத்துக்குத் தாளிக்க முடிந்தது.

"பாத்ரூமை எங்க மதிலை ஒட்டியா கட்டுவாங்க? ரூமோட சேர்த்துக் கட்டச் சொல்லு."

அதையும் செய்தாள். அளந்து பார்த்த ஜெஸ்வின் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, மிச்சம் இருக்கிற இடத்துல குடும்பமெல்லாம் இருக்க முடியாது. ஒரு ஆள் தாராளமா இருக்கலாம்."

"அவங்க சொன்னதுக்கெல்லாம் ஏன்க்கா தலையாட்டினீங்க?" என்று அவனே கேட்டான்.

டீச்சர் எட்டிப் பார்க்கும் நேரத்துக்குச் சித்ரா தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்து எத்தனையோ நாளாகிறது. அதை இவனிடம் எப்படிச் சொல்வது?

வேலை முடிந்தது. ஆட்சேபணையும் முடிந்தது. மதிலுக்கு மேல் வானம் மட்டும் தெரிந்தது. வாடகைக்கு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு, சித்ரா ஹாலில் அடுப்புக்கும் டி.வி.க்கும் நடுவே உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, காலியாக விட வேண்டிய பக்கவாட்டு இடத்தில், சட்டத்துக்கு முழு விரோதமாக, குளியல் மறைப்பில் மிஞ்சிய பழைய தகரத்தை எடுத்துக் கூரை போட்டாள். வேண்டுமென்றே சத்தமாக ஆணி அடித்தாள்.

தலை எட்டிப் பார்த்தது. தகரத்தைப் பார்த்தது, சித்ராவைப் பார்த்தது. ஒன்றும் சொல்லாமல் மறைந்துவிட்டது.

அன்று முழுவதும் சித்ராவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வீட்டுத் தரகர் ஆரிஃப் வந்தார்.

"ஆள் கிடைச்சாச்சும்மா. தனி ஆளு. நாளைக்கே வரத் தயார்."

"ரூமைக்கூடப் பார்க்காமலா?" என்றாள் சித்ரா, சுரத்தே இல்லாமல்.

"பார்க்க வேண்டாமாம். முட்டி வலி, படி ஏற முடியாது. காலை வெயில் உள்ளே விழணும், பாத்ரூம் ரூமோடயே இருக்கணும்னு ஆறு மாசமா என்னை அலைய விட்டவங்கதான். எல்லாம் இங்கேயே சரியா அமைஞ்சிருக்காம்."

"யாருங்க அது?"

"இருக்கிறது அண்ணன் வீடாம்; அவர் மகன் அதை வித்துட்டானாம், பாவம்… உங்க பக்கத்து வீட்டு டீச்சர்தாம்மா."